அத்தை, முதலில் யாரைக் குளிப்பாட்டினீர்கள்?

என் பாசத்துக்குரிய அத்தை,

நீங்கள் கண்ணை மூடிய பிறகும் உங்களைத் தேடி ஆள் வருகிறது. போன வாரம் ஒரு நாள் காலையில், எதிரே புதிதாக எழும்பிய அடுக்குமாடியிலிருந்து ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். கவிதா என்று பெயர். மதுரைப் பக்கம், ஐடி வேலை. அவளுடைய மாமியார் விடியற்காலையில் இறந்துவிட்டாராம்.

"அக்கா, இங்க ஒரு அம்மா குளிப்பாட்டிச் சேலை கட்டிவிடுவாங்கன்னு வாட்ச்மேன் சொன்னாரு. ஊர்லருந்து ஆளுக வந்துசேர சாயங்காலம் ஆயிரும். எனக்கு ஒண்ணுமே தெரியலக்கா."

நீங்கள் இல்லை என்று சொன்னேன். அவள் போகாமல் நின்றாள்.

பட்டாபிராமில் எத்தனை வீடுகளுக்குப் போயிருப்பீர்கள்! நாலு பிள்ளைகள், வயல், மாடு எல்லாவற்றுக்கும் நடுவில், எந்த வீட்டில் பெண் இறந்தாலும் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். என்ன சாதி, என்ன சாமி என்று கேட்டதில்லை. திரும்பி வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு, மாலையில் அம்மன் கோயிலுக்கும் போவீர்கள். ஒருமுறை பூசாரி கேட்டே விட்டார், "சாவு ஊட்டுக்குப் போய்ட்டு இங்க வர்றியேம்மா?"

"அவளும் ஆத்தா பெத்த பொண்ணுதானே சாமி? ஆத்தாளுக்கு இன்னா தீட்டு?" என்று சொல்லிவிட்டு நீங்கள் பாட்டுக்கு விளக்கை ஏற்றினீர்கள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆனால் இதை எப்போது தொடங்கினீர்கள்? முதலில் யார்? உங்கள் மகனைக் கேட்டேன். "எனக்கு வெவரம் தெரிஞ்சதுலேர்ந்து அம்மா போய்கினுதான் இருந்துச்சு" என்றார். அடுத்த தெரு ஸ்டெல்லா அக்காவின் அம்மாவை நீங்கள்தானே குளிப்பாட்டினீர்கள்? அவரையும் கேட்டேன். "நானும் கேக்கணும்னுதான் நெனச்சேன், உட்டுட்டேன்" என்கிறார். முதல்முறை போன அன்றைக்கு உங்களுக்குப் பயமாக இருந்ததா? பக்கத்தில் யாராவது இருந்தார்களா?

நான் கவிதாவோடு போனேன், அத்தை. வெந்நீர் வைத்து, சீயக்காய் கரைத்து எடுத்துப் போனதுவரை சரி. அந்த அம்மாவின் கையைத் தொட்டதும் என் கை தானாகப் பின்னால் வந்துவிட்டது. அப்படிக் குளிர்ந்திருக்கும் என்று நீங்கள் சொன்னதே இல்லையே. கவிதாவோ கதவோரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம் திரும்பிக்கோம்மா" என்றேன், இறந்தவரிடம். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சொன்ன பிறகு கை பின்னால் வரவில்லை. நீங்களும் அவர்களிடம் பேசுவீர்களா?

தலை வாரும்போது கவிதா சட்டென்று கிட்டே வந்தாள். "நடுவகிடு வேணாம்க்கா. அத்தை இடப்பக்கம்தான் எடுப்பாங்க." சீப்பை அவளிடமே கொடுத்தேன். வாரி முடித்துவிட்டு, அந்த நெற்றியில் கன்னத்தை வைத்து அழுதாள். காலையிலிருந்து அப்போதுதான் அழுகிறாள்.

சாயங்காலம் ஊரிலிருந்து வந்த மகள், "அம்மா தூங்குற மாதிரியே இருக்கே, யாரு கட்டிவிட்டது?" என்று கேட்டாள். கவிதா என்னைக் காட்டினாள். இந்த மாதிரி நேரத்தில் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

நேற்று கவிதா மறுபடி வந்தாள். "அடுத்து யாராச்சும் கூப்பிட்டா என்னையும் கூட்டிட்டுப் போங்கக்கா" என்றாள். கூட்டிப் போகிறேன், அத்தை. செத்தவளோடு ஒரு பெண் தனியாக, என்ன செய்வதென்று தெரியாமல், இனி இந்தத் தெருவில் நிற்க மாட்டாள்.

உங்கள் மூத்த மருமகள்,
செல்வி