இளைஞன் ஒருவன்

செட்டிபாளையம்,
தை மாதம்.

அன்புள்ள மகள் கஜானிக்கு,

கண்ணகையம்மன் காவலில் அப்பாவும் அம்மாவும் இருக்கிறோம், அந்த நாட்டுக் குளிருக்குள் உன் உடம்பும் மனமும் சுகமாயிருக்க வேண்டும். உன் அண்ணா இறந்து எட்டாம் நாள், எட்டுச் செலவு முடிந்த அன்று நீ என் பக்கத்தில் வந்திருந்து, "அப்பா, ஆத்துவாய வெட்டாம உட்டிருந்தா அண்ணா இருப்பாரா?" என்று கேட்டாய். உனக்கு ஒன்பது வயது. "வெட்டாம உட்டிருந்தா வெள்ளம் நிண்டு வட்டையில பயிரெல்லாம் அழுகிப் போயிருக்கும் மகள்" என்றேன். நீ கேட்டது அண்ணாவை, நான் சொன்னது நெல்லை. வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி விடை எழுதியிருந்தால் பிழை போட்டிருப்பேன்.

நீ அனுப்பிய கட்டுரை கிடைத்தது. ஆங்கிலத்தையும் மெய்யியலையும் சேர்த்துப் படிக்கப்போகிறாய் என்றதும் ஊரில் எல்லாரும் அதற்கு என்ன வேலை கிடைக்கும் என்றுதான் கேட்டார்கள், அம்மா மட்டும், "அவள் சின்னதிலயிருந்து கேள்விதானே கேக்கிறாள், அதையே படிக்கட்டும்" என்றார். அகராதியோடு மூன்று நாள் இருந்து வாசித்தேன். விளங்காத இடங்களைக் காத்தான்குடி றிஸ்லான் சேரிடம் கொண்டுபோனேன், என்னோடு படிப்பித்தவர், உனக்கும் தெரியும்தானே. ஒரு வாவி, மாரி வெள்ளம், ஆற்றுவாயில் கடலை மறித்து ஒரு மணல்திட்டு. வயற்காரர் அதை வெட்டச் சொல்கிறார்கள், ஒரு வாத்தியார் மனு எழுதிக் கொடுக்கிறார், வெட்டுகிறார்கள், அந்தப் புதினத்தை வேடிக்கை பார்க்கப் போன இளைஞன் ஒருவன் நீரில் இழுபட்டுப் போகிறான். யார் பொறுப்பு என்று அலசி, எழுதிக் கொடுத்தவர் மேல் குற்றமில்லை என்று முடித்திருக்கிறாய். றிஸ்லான் சேர், "உங்கட மகள்தான் சேர், எதுக்கெடுத்தாலும் உதாரணம்" என்று சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஆனா அவன் புதினம் பாக்கவா சேர் போனவன்?" என்றார். அவருக்குத் தெரியும்.

மகள், அவன் புதினம் பார்க்கப் போகவில்லை. ஆற்றுவாய் வெட்டுவதென்றால் முதலில் மீன்பிடிகாரருக்கு அறிவித்து, அவர்கள் தோணியையும் வலையையும் எடுத்த பிறகுதான் மண்வெட்டி படவேண்டும். வெள்ளிக்கிழமை வெட்டு என்று என் கையாலேயே எழுதி மீன்வாடியில் ஒட்டினேன். வியாழன் காலையில் தண்ணீர் பயிரை மூடத் தொடங்கியதும் இன்றைக்கே வெட்டுவோம் என்றார்கள், நானும் தலையாட்டினேன். போட்ட அறிவித்தலை மாற்ற நேரமில்லை. அண்ணாவைக் கூப்பிட்டு, சைக்கிளில் போய் எல்லாரையும் கரையேறச் சொல்லு என்றேன். "இன்னும் சாப்பிடல்லப்பா" என்றான். வந்து சாப்பிடலாம் என்றேன். அவன் சொல்லி எல்லாரும் கரையேறினார்கள். யாரோ ஒரு வயதானவரின் வலை இழுபடுவதைக் கண்டு அதைப் பிடிக்க இறங்கியிருக்கிறான், அந்த நேரம் திட்டு உடைந்தது. அம்மாவுக்கு அன்றைக்கே சொன்னேன். இந்தப் பதினான்கு வருடத்தில் ஒரு நாளும் அதை எடுத்துப் பேசியதில்லை, ஆனால் சாப்பிடாமல் என்னை வாசல் படலை தாண்ட விட்டதும் இல்லை.

உனக்குச் சொல்லவில்லை. வளரட்டும் என்று இருந்தேன், நீ வளர்ந்த பிறகு பயமாக இருந்தது. இப்போது நீ என்னை மன்னித்திருக்கிறாய், என்ன நடந்ததென்று தெரியாமலே. கணக்கில் செய்கை முழுவதும் சரியாக இருந்தாலும் தரவு பிழையென்றால் விடை பிழைதான். தரவை மறைத்தவன் நான், அந்த விடையை நான் வைத்துக்கொள்ளக் கூடாது. கட்டுரையைத் திருத்துவதும் விடுவதும் உன் விருப்பம். என்மேல் கோபம் வந்தால் அதையும் எழுது, அதை மட்டும் தமிழில் எழுது, நான் யாரிடமும் கொண்டுபோகாமல் வாசிக்க வேண்டும்.

வவுணதீவுப் பக்கம் அறுவடை தொடங்கிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு, உனக்கு அனுப்ப மாசிச் சம்பல் செய்துகொண்டிருக்கிறார். விடியப் பாடம் என்றாலும் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ. நீ கேட்கும் கேள்விகளுக்கு நேரான விடை சொல்லும் மனிதர்கள் உனக்கு வாய்க்கட்டும்.

ஒன்றே ஒன்று செய். கட்டுரையில் 'இளைஞன் ஒருவன்' என்று வரும் இடத்தில் வினோஜன் என்று எழுதி, ஒருதரம் சத்தமாக வாசித்துப் பார்.

அப்பா,
க. நல்லரத்தினம்