பத்துச் சொட்டு அமிலம்

உன் அண்ணன் பேத்தி நேற்று இரத்தப் பரிசோதனைத் தாளோடு வந்திருந்தாள். உனக்கு வந்த அதே லூபஸ்தான் அவளுக்கும், உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் நோய். முகத்தில் வீக்கம் இல்லை, காலிலும் இல்லை. ஆனாலும் சிறுநீரகத்தைத் தொடப்போகிறது என்று இரத்தத்தை வைத்தே எச்சரித்து, டாக்டர் மருந்தை மாற்றிவிட்டாராம். தாளைக் கையில் வாங்கியதும் எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது. ஐம்பது அறுபது வருஷம் பொறுத்துப் பிறந்திருக்கக் கூடாதா நீ?

அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் நீயும் நானும் ஒரே வாடகை அறையில் இருந்தோம். நீ பள்ளிக்கூடத்தில் டீச்சர், நான் ஆஸ்பத்திரி லேபில். சிறுநீரைச் சோதனைக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவேன். கலங்கினால் இரண்டு சொட்டு அசிட்டிக் அமிலம் விடுவேன். தெளிந்தால் பயமில்லை, தெளியாவிட்டால் சிறுநீரகத்தில் கோளாறு. சாயங்காலம் நான் வாசலை மிதிக்கும் முன்பே உன் குரல் வரும். "ஏட்டி, மூத்திரம் காய்ச்சுதவளே, கையக் கழுவிட்டு உள்ள வா."

ஒரு வருஷம் உனக்கு மூட்டுவலி, கன்னத்தில் சிவப்பு, வெயில் பட்டால் காய்ச்சல். ஆனியில் சாரல் தொடங்கியதும் ஞாயிறுதோறும் குற்றாலம் போனோம். வெயில் இல்லாததால் கன்னத்துச் சிவப்பு மங்கியது. முகமும் பூரித்தது. "அருவித் தண்ணி ஒனக்கு ஒத்துக்கிட்டுட்டி, நல்லாச் சதை போட்டுருக்க" என்று நான்தான் முதலில் சொன்னேன். ரவிக்கைத் தையலைப் பிரித்துவிட்டேன். செருப்பு வார் உன் பாதத்தில் பள்ளமாகப் பதிந்தபோது, பெரிய அளவில் புதுச் செருப்பு வாங்கினோம். ஊரார் சிறுநீரையெல்லாம் காய்ச்சியவளுக்கு, பக்கத்துப் பாயில் படுத்திருந்த உன்னுடையதைக் காய்ச்சிப் பார்க்கத் தோன்றவில்லை.

ஆவணியில் படியேறவே உனக்கு மூச்சு வாங்கியது. அப்போதுதான் உன் சிறுநீரை லேபுக்கு எடுத்துப் போனேன். குழாயில் கஞ்சிபோலத் திரண்டது. இரண்டு சொட்டு விட்டேன். தெளியவில்லை. தெளிவதாக இருந்தால் அதற்குள் தெளிந்திருக்கும், அது எனக்குத் தெரியாததல்ல. இருந்தும் பத்துச் சொட்டு வரை விட்டேன்.

அறைக்கு வந்து, "ஒண்ணுமில்லட்டி, சூட்டுக்கு வந்தது" என்றேன்.

நீ என் கையையே பார்த்தாய். "கையக் கழுவாம வந்துருக்க. எவ்வளவு மோசம்னு சொல்லு."

நீ அழவில்லை. நான்தான் அழுதேன்.

மதுரையில் பெரிய டாக்டர் உன் இரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோய்க்குப் பெயர் சொன்னார். சிறுநீரகம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று கேட்டேன். உன்னை ஊருக்குக் கூட்டிப் போகச் சொன்னார். அடுத்து வந்த தைப்பொங்கலுக்கு நீ இல்லை.

அதிலிருந்து, யாராவது முகம் பூரித்து வந்தால் எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. கல்யாண வீடானாலும், உனக்குப் போல நீர் கோத்துப் பள்ளம் விழுகிறதா என்று கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்திப் பார்த்துவிடுவேன். கிழவிக்குக் கிறுக்கு என்பார்கள். நேற்று உன் அண்ணன் பேத்தியையும் உட்கார வைத்து அழுத்திப் பார்த்தேன். பள்ளம் விழவில்லை.

"என்ன ஆச்சி செய்யுதீய?" என்று சிரித்தாள்.

"ஒண்ணுமில்லட்டி" என்றேன். உன்னிடம் சொன்ன அதே வார்த்தை. இந்தத் தடவை அது பொய் இல்லை. உனக்கு அதைச் சொல்லத்தான் எழுதினேன்.