டெர்மகன்ட்

மார்ச் 4
தையல் கூடத்தின் பின்கதவை இன்றும் துணிமூட்டைகள் அடைத்துக்கொண்டிருந்தன. தீப்பிடித்தால் இத்தனை பெண்களும் எந்த வழியாக ஓடுவது? சூப்பர்வைசர் நான்தானே கேட்க வேண்டும்? மறுபடியும் மேனேஜரிடம் கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான். அவர் கணக்காளரைப் பார்த்து, "சரியான டெர்மகன்ட்டுப்பா இது" என்றார். இருவரும் சிரித்தார்கள்.

திட்டுகிறவர் புரிகிற மாதிரி திட்டக்கூடாதா?

மார்ச் 5
அகராதியில் தேடினேன். சண்டைக்காரி, அடங்காப்பிடாரி. இவ்வளவுதானா! அம்மா வாயால் நான் கேட்காததா?

ஆனால் கீழே அந்தச் சொல் பிறந்த கதையும் இருந்தது. பழைய ஐரோப்பிய நாடகங்களில் டெர்மகன்ட் என்று ஒரு சாமி. வேற்று மதத்தவர் கும்பிடுவதாக ஐரோப்பியர்களே கட்டிவிட்ட, எங்குமே இல்லாத சாமி. மேடைக்கு வந்தாலே கத்தல், கூச்சல். வேஷம் கட்டியது ஆண். கத்தியதும் ஆண். போகப்போக அந்தப் பெயர் பெண்கள் தலையில் மட்டும் வந்து விழுந்திருக்கிறது. அந்தச் சாமி போட்டிருந்த நீள அங்கிதான் காரணம் என்று சிலர் சொல்கிறார்களாம். அங்கியாம்!

வீட்டில் இவரிடம் சொல்லிப் பொருமினேன். "விடேன், ஒரு வார்த்தைதானே" என்றார்.

"வார்த்தைய விடுறேங்க. கதவ விடமாட்டேன்."

மார்ச் 7
மேனேஜர் கூப்பிட்டார். நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். இல்லையென்றால் பேக்கிங் பிரிவுக்கு மாற்றல். "நல்லா யோசிச்சுக்கோம்மா."

"யோசிச்சிட்டேன் சார். மூட்டைய எப்ப எடுப்பீங்க?"

பதிலுக்கு நிற்காமல் வெளியே வந்தேன்.

மார்ச் 8
மன்னிப்புக் கேட்கவில்லை என்று இவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

மார்ச் 10
மாற்றிவிட்டார்கள். என் இடத்துக்குக் காலர் தைக்கும் பெண்ணைப் போட்டார்கள். வாயே திறக்க மாட்டாள் என்ற நம்பிக்கை.

மதியம் மெஷின் சத்தம் சட்டென்று நின்றது. பேக்கிங்கிலிருந்து ஓடிப்போய்ப் பார்த்தேன். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அதன் முன்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"அவ சொல்லிக் குடுத்தாளா?" என்று மேனேஜர் என்னைக் காட்டிக் கத்தினார்.

"எங்க உசுரு சார். அதுக்கு இன்னொருத்தர் சொல்லிக் குடுக்கணுமா? மூட்டைய எடுங்க, சுவிட்ச போடுறேன்."

ஒருத்தியும் இருக்கையில் உட்காரவில்லை. மேனேஜரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு மூட்டை தூக்கினார்.

மார்ச் 14
இடைவேளையில் எல்லோரும் பின்கதவு வழியாக வெளியே போய் வெயிலில் நின்று டீ குடித்தார்கள். நான் இன்னும் பேக்கிங்கில்தான். காலர்காரி ஜன்னல் வழியாக ஒரு டம்ளரை நீட்டினாள்.

"ஆறிடும்க்கா. குடிங்க."