டப்பாவின் பின்பக்கம்

அன்புள்ள சின்னவரின் அப்பாவுக்கு,

இங்கே நானும் சின்னவரும் சுகம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? கிரேன் மேலே ஏறும்போது தலை சுற்றுகிறது என்றீர்களே, டாக்டரிடம் காட்டினீர்களா? போனில் கேட்டால் "ம்" என்கிறீர்கள். கல்யாணமாகி ஆறு வருஷமாகிறது, அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இந்தக் கடிதத்தைப் பத்தொன்பது நாளுக்கு முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும். போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை ஆரம்பித்தேன். நீங்களோ "மூச்சு வாங்குதா? ஊசி மருந்துக்குத் தேதி முடியலைல்ல?" என்று கேட்டுவிட்டு "சரி, வெச்சுடறேன்" என்கிறீர்கள். போன மாதம், "இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். நான் பக்கத்துல இல்லாம இருக்கறதுதான் அவனுக்கு நல்லது" என்று சொன்னதும் அப்படித்தான். ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் மாதிரி கடைசி நொடியில் சொன்னீர்கள். அதனால்தான் பேப்பரை எடுத்தேன். இதையும் பாதியில் கீழே வைக்கலாம். ஆனால் மறுபடி எடுத்துப் படிக்க முடியும்.

சின்னவரைப் பள்ளியில் சேர்த்தாயிற்று. என்னவெல்லாம் ஆகாது என்று எழுதப் படிவத்தில் ஒரே ஒரு வரிதான் விட்டிருந்தார்கள். பால், தயிர், வெண்ணெய், நெய், பால் சேர்த்த பிஸ்கட், சாக்லேட் என்று எழுதிக்கொண்டே போய்ப் பின்பக்கமும் நிரப்பினேன். டீச்சர் வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்ப என்னதாம்மா சாப்பிடுவான்?" என்றார். ஆஸ்பத்திரியில் மூச்சுக்குக் குழாய் வைத்து எடுத்ததிலிருந்து தொண்டையில் அந்தக் கரகரப்பு இன்னும் இருக்கிறது. வகுப்பில் "தாத்தா குரல்" என்கிறார்களாம். சின்னவர் அதைப் பெருமையாக வந்து சொல்கிறார். உங்களுக்குப் "போன் அப்பா" என்று பெயர் வைத்திருக்கிறார். ஏதோ வீட்டில் இன்னொரு அப்பா இருக்கிற மாதிரி.

நான் சொல்ல வந்தது ஐஸ்கிரீமைப் பற்றி. சிரிக்காதீர்கள். உங்கள் ரூமில் யாருக்கோ பிறந்தநாள் என்று ஐஸ்கிரீம் கொடுத்தார்கள், நீங்கள் வாங்காமல் வெளியே போய் நின்றீர்கள் என்று ஒருநாள் சொன்னீர்கள் அல்லவா? சனிக்கிழமை தவறினாலும் காபி ஐஸ்கிரீம் தவறாத மனிதர். அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. நீங்கள் லீவில் வரும்போது, அப்பாவும் பிள்ளையும் ஒரே கப்பிலிருந்து சாப்பிடுகிற மாதிரி, சொட்டுப் பால் இல்லாமல் வீட்டிலேயே செய்துவிட வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது.

முதல் தடவை சர்க்கரையைக் குறைத்துவிட்டேன். உறைந்து கல்லாகிவிட்டது. தோண்டப் போய்க் கரண்டிதான் வளைந்தது. இரண்டாம் தடவை தேங்காய்ப்பாலில் டிகாஷனைச் சூடாக ஊற்றி, ஆறவைக்காமல் அப்படியே ஃப்ரீசரில் வைத்தேன். காலையில் பார்த்தால் மேலே மெழுகு மாதிரி எண்ணெய் தனியாக நிற்கிறது. மாடி வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "வீணாக்காதே, தலைக்குத் தேய்ச்சுக்கோ. காபி வாசனையோட முடி நல்லா வளரும்" என்றாள். மூன்றாம் தடவை எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். கெட்டித் தேங்காய்ப்பால், கொஞ்சம் சோள மாவு, தாராளமாகச் சர்க்கரை, ஆறிய டிகாஷன், ஒரு சிட்டிகை உப்பு. அரை மணிக்கொரு தடவை வெளியே எடுத்து முள்கரண்டியால் அடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஐஸ் முள் முள்ளாகக் கட்டிவிடும்.

இரண்டாவது தடவை அடிக்கும்போது கொஞ்சம் நீர்த்தது போலத் தெரிந்தது. காபியில் போடுகிற அந்தப் பாலில்லாப் பவுடர் நினைவுக்கு வந்தது. ஒரு கரண்டி சேர்த்தால் கெட்டிப்படும் என்று மேல் அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்தேன். உங்களுக்கு நினைவிருக்கும். சின்னவருக்குப் பால் ஆகாது என்று தெரிந்த வாரம், வீட்டுப் பாலையெல்லாம் கொட்டிவிட்டு நான் முதன்முதலாக வாங்கிவந்த டப்பா அது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அதைத் தொடவில்லை. இப்போதெல்லாம் உப்புப் பாக்கெட்டைக்கூடத் திருப்பிப் படிக்காமல் நான் பிரிப்பதில்லை. ஆனால் புதிதாக வாங்குவதைத்தான் படித்தேன். இது முன்பே வீட்டுக்குள் இருந்தது. முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் "பாலில்லாதது" என்று இருக்கிறது. அன்றைக்குத்தான் பின்பக்கம் திருப்பினேன்.

சோடியம் கேசினேட்.

வேறு யார் வீட்டிலாவது இந்தப் பெயர் புரியாமல் போயிருந்தால் அது குற்றமில்லை. நான் வேதியியல் படித்தவள். கேசின் என்பது பாலின் புரதம் என்று மூன்றாம் வருஷப் பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதியவள்.

அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மாடிப் படியில் அக்கா பெண் டம்ளரில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் வெள்ளையாக வேண்டும் என்று இவன் ஒரே அழுகை. நீங்கள் கீழே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். பிள்ளை ஏங்குகிறதே என்று வெந்நீரில் சர்க்கரையும் அந்தப் பவுடர் இரண்டு கரண்டியும் கலக்கிக் கொடுத்தேன். அதுதான் முதல் தடவை. ஒரே மூச்சில் குடித்தான். மேல் உதட்டில் வெள்ளை மீசை. துடைத்துவிட்டுக் கீழே அழைத்துவந்தேன். ஐஸ்கிரீம் கடையில் போய் உட்கார்ந்து நீங்கள் நாலு வாய்கூடச் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள், அவன் முகம் வீங்க ஆரம்பித்தது.

கடைசி இரண்டு மணி நேரத்தில் என்ன சாப்பிட்டான் என்று டாக்டர் கேட்டபோது அந்த டம்ளர் எனக்கு ஞாபகமே வரவில்லை. அதுதான் பாலில்லாததாயிற்றே. நீங்கள், "கப் என் கையிலதான் இருந்துச்சு, அவனுக்குக் குடுக்கலை" என்றீர்கள். "பொய் சொல்லாதீங்க! புள்ள உங்க மடியிலதான இருந்தான்!" என்று நான் கத்தியதில், தரை துடைத்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி ஆயாம்மா துடைப்பானை அப்படியே நிறுத்திவிட்டார். நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். பிறகு, "சரி, நான்தான் குடுத்தேன். போதுமா? முதல்ல ஊசியைப் போடச் சொல்லு" என்றீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு நீங்களே, "ஒரு துளி தெறிச்சிருக்குமோ" என்று கேட்க ஆரம்பித்தீர்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். ஊரை விட்டுக் கிளம்பிய அன்று அவன் இரண்டு கையையும் நீட்டினான். நீங்கள் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

டப்பாவை எடுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் போனேன். படித்துவிட்டு, "ஒரு டம்ளர் முழுசாக் குடிச்சானா? அப்புறம் ஏம்மா ஒரு துளியைத் தேடிக்கிட்டு இருந்தீங்க?" என்றார். இந்தக் கடிதத்தோடு அந்த லேபிளை வெட்டி வைத்திருக்கிறேன். என் பேச்சை நம்ப வேண்டாம், அதைப் படியுங்கள். கீழிருந்து இரண்டாவது வரி.

அக்காவிடம் சொல்லி அழுதேன். "இதை அவர்கிட்ட சொல்லாம எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? எழுதுடி" என்றாள். எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. போட்ட கையெழுத்து போட்டதுதான். பதினான்கு மாதம் உங்களை அப்படி நிற்க வைத்துவிட்டு, இப்போது "வாருங்கள்" என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாதவர் யார் என்று நினைத்தால் தூக்கம் போய்விடுகிறது. காலையில் அவன் சட்டைப் பட்டனைப் போட்டுவிடக்கூடப் பயமாக இருக்கிறது. போடாமலும் இருக்க முடியாதே.

ஐஸ்கிரீம் பவுடர் சேர்க்காமலேயே நன்றாக வந்தது. சின்னவருக்கு அரைக் கரண்டி கொடுத்தேன். முகத்தைச் சுளித்து, "கசக்குது, போன் அப்பாவுக்கு வெச்சிடு" என்றார். வைத்திருக்கிறேன். பத்தொன்பது நாளில் மூடி மேலே ஐஸ் பூத்துவிட்டது. தினமும் ஒரு தடவை சுரண்டிவிடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அங்கே சனிக்கிழமை ஏதாவது கடை திறந்திருந்தால் ஒரு காபி ஐஸ்கிரீம் வாங்குங்கள். வெளியே போய் நிற்காமல், நாற்காலியில் உட்கார்ந்து, அடி வரைக்கும் சாப்பிடுங்கள். சாப்பிட்டேன் என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். வேறு எதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

மேலே ஏறும்போது கவனம். தலை சுற்றினால் உடனே இறங்கிவிடுங்கள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சின்னவரின் அம்மா