விழுந்த நேரம்

3 மார்ச் 2025, திங்கள்

எங்கள் தலைவர் டத்தோ ரூபேந்திரன் இன்று தன் ஆய்வகத்தையே எட்டிப் பார்த்தார். மூன்று மாதத்தில் இரண்டாவது முறை. வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு என் மைக்ராஸ்கோப் முன்னால் படம் எடுத்துக்கொண்டார். அதில் ஸ்லைடுகூட இல்லை. "ஷர்மைன், நம்ம கண்டுபிடிப்ப உலகமே திரும்பிப் பாக்கும் லா!" 'நம்ம' கண்டுபிடிப்பாம்! மூளையில் அழற்சி எப்போது தொடங்கும் என்று கேட்டால் முழிப்பார்.

கோத்தா திங்கி எஸ்டேட் ஆட்களுக்குத் தலையில் அடிபட்டால் இரண்டு மணி நேரத்திலேயே ரத்தத்தில் அழற்சி உச்சத்துக்குப் போகிறது. மற்றவர்களுக்குப் பதினாறு மணி நேரம். இதைக் கண்டுபிடிக்க ஆறு வருடம் ஆயிற்று. என் ஆறு வருடம்.

12 மார்ச்

குணாளன்! ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்ற இந்த ஆளை ஆய்வு உதவியாளராகப் போட்ட புண்ணியவான் யார்? நோயாளி வீட்டாருக்குப் போன் செய்து படிவத்தைச் சரிபார்ப்பதுதான் வேலை. அதற்கு, "சாப்டீங்களா, அங்க மழையா" என்று அரை மணி நேரம். பிறகு ஆஸ்பத்திரியில் எழுதிய நேரத்துக்குப் பக்கத்தில் பென்சில் கிறுக்கல்: 'முந்தின நாள் சாயங்காலமே விழுந்தாராம்.' நாற்பத்தொரு படிவங்களில்!

உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்தேன். இப்போதுதான் பார்க்கச் சுத்தமாக இருக்கிறது.

13 மார்ச்

அழித்ததைப் பார்த்துவிட்டுக் குணாளன் வந்து நின்றார். "டாக்டர், இப்பதான் விழுந்தாருன்னு சொன்னா சீக்கிரம் பாப்பாங்கன்னு எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. நான் வண்டி ஓட்டின காலத்துலேர்ந்து இதான்."

"அண்ணே, ஆராய்ச்சி வேற, கோப்பிக்கடைப் பேச்சு வேற" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. போகட்டும்.

24 மார்ச்

மருந்துச் சோதனை தொடங்கியது. அழற்சியை அடக்கும் ஊசி. விழுந்த நான்கு மணி நேரத்துக்குள் போட வேண்டும். பிந்தினால் பயன் இல்லை. அதோடு உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைந்து கிருமி புகுந்துவிடும்.

முதல் ஆள் ஐயாசாமி, ஐம்பத்திரண்டு வயது, செம்பனைக் குலை அறுப்பவர். மோட்டார் சைக்கிள் சறுக்கியிருக்கிறது. "இப்பதான் டாக்டர், ஒரு மணி நேரங்கூட ஆவல" என்றார் மனைவி வெள்ளையம்மா. ஊசி போடச் சொன்னேன். டத்தோ வாட்ஸ்அப்பில் கைதட்டல் அனுப்பினார். அவரால் முடிந்த ஆராய்ச்சி.

27 மார்ச்

ஐயாசாமிக்குக் காய்ச்சல். நுரையீரலில் தொற்று. குணாளன் வார்டில் வெள்ளையம்மாவோடு பேசிவிட்டு வந்தார். விழுந்தது ஆஸ்பத்திரிக்கு வந்ததற்கு முந்தின நாள் சாயங்காலமாம். குடித்திருக்கிறார் என்று நினைத்துப் படுக்க வைத்துவிட்டார்களாம். காலையில் எழுப்பினால் எழவில்லை.

பதினான்கு மணி நேரம்.

அப்படியென்றால் அந்த நாற்பத்தொரு பேரும் முந்தின நாளே விழுந்தவர்கள்தானா? ரெண்டு மணி நேரம்னு ஒண்ணு கிடையவே கிடையாதா? ஐயோ, ஆறு வருஷமா நான் எதைப் பாத்துக்கிட்டு இருந்தேன்? டாக்டர் பட்டம் வாங்கின மரமண்டை. குணாளன் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

4 ஏப்ரல்

ஐயாசாமி இறந்துவிட்டார்.

7 ஏப்ரல்

டத்தோ கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "தலையில பலமான அடி, செத்துட்டாரு. அறிக்கையில அது போதும். கட்டுரை வெளிய வரட்டும். படிவத்துல நேரம் சரியாத்தான இருக்கு?"

சரியாகத்தான் இருக்கிறது. நான்தானே அழித்தேன்.

 அவர் பேச்சைவிட மோசம் வேறொன்று: நேற்று தேவாலயத்தில் பூசையில் உட்கார்ந்திருந்தபோது அதே வாக்கியத்தை நானும் மனசுக்குள் எழுதிப் பார்த்தேன். அந்த ஆளைக் கேவலமாக நினைக்க எனக்கு என்ன யோக்கியதை?

12 ஏப்ரல், சனி

நேற்று சோதனைகளை மேற்பார்வையிடும் குழுவுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். ஆய்விதழுக்கு அனுப்பியிருந்த கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். டத்தோ கத்தினார். திங்கட்கிழமையிலிருந்து என்னை வர வேண்டாம் என்றார்.

இன்று குணாளன் அண்ணனோடு கோத்தா திங்கி போனேன். வெள்ளையம்மா நாற்காலி போட்டு உட்கார வைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடங்கினார். "நான் பொய் சொல்லிட்டேன் டாக்டர். அதனாலதான அவரு..."

"இல்லக்கா. எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்கன்னு அண்ணன் எனக்கு முன்னாடியே சொன்னாரு. நான் கேக்கல. அந்த ஊசியப் போடச் சொன்னது நானு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். 

"அப்ப, நான் அவரக் கொல்லலியா?"

"இல்லக்கா."

அதன் பிறகுதான் அழத் தொடங்கினார். சாவு வீட்டில்கூட அம்மா அழவில்லை என்று பக்கத்தில் நின்ற மகள் சொன்னாள்.