குடுத்து வைத்த விமானம்

ஒக்ரோபர், ஞாயிறு இரவு.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வோல்டர் இந்த நாட்டு விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர். அவர் பராமரித்த போர் விமானத்தைக் கடைசியில் ஆளில்லாமல் பறக்கவிட்டு, சுட்டுப் பழகும் இலக்காக்கி வீழ்த்தினார்களாம். இன்று எங்கள் வீட்டில் தேநீர் குடிக்கும்போது அதைச் சொல்லிக் கண்கலங்கினார்.

யாழ்ப்பாணத்தில் விமானச் சத்தம் கேட்டாலே எங்களைப் பங்கர் குழிக்குள் இழுத்துக்கொண்டு ஓடிய அம்மா, "என்னவாம்?" என்றார். வோல்டரின் மனம் நோகும்படி அம்மா ஏதும் சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டே சொன்னேன்.

"உள்ளுக்கை ஒருத்தரும் இருக்கேல்லையோ?"

"இல்லையம்மா."

"கீழை?"

"கடலாம்."

"பிறகேன் அழுறார்? ஒருத்தரும் சாகேல்லை. குடுத்து வச்ச பிளேன் எண்டு சொல்லு."

தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னேன். வோல்டர், அந்த விமானம் ஒருநாளும் ஒருவரையும் சுட்டதில்லை என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னார்.

சொன்னேன். அம்மா அவர் தட்டில் இன்னொரு வடை வைத்தார்.