லார்க்ஸ்பர் கோர்ட்டா, டிரைவா?

மார்ச் 12, புதன்கிழமை

அன்புள்ள லொரெய்னுக்கு,

உன் மருத்துவக் கப்பல் எந்தக் கடலில் நின்றாலும் நீ சுகமாக இருக்க வேண்டும். நானும் டெஸ்ஸாவும் சுகம். நேற்று மாலையிலிருந்து சுகத்துக்கும் ஒரு படி மேலே. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, பணிமனையில் பேருந்தை நிறுத்தியதும் ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் புது உயர்நிலைப் பள்ளி திறக்கிறார்கள், அதனால் எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு என்று மாற்றி வரைகிறார்கள் என எழுதியிருந்தேன் அல்லவா? திங்கட்கிழமை வரைபடம் வந்தது. நம் தெரு புதுப் பள்ளிக்குப் போய்விட்டது. அங்கே இரண்டு வருடத்துக்கு இசைக்குழுவே கிடையாது. பழைய பள்ளியின் அணிவகுப்பு இசைக்குழுவில் சேரத்தானே டெஸ்ஸா நடுநிலைப் பள்ளியில் மூன்று வருடம் அந்தப் பெரிய பித்தளைக் குழலை, டியூபாவை, ஊதினாள்? அன்று அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டால், "பசிக்கல" என்றாள்.

வரைபடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். எல்லை வேறு எங்குமே நெடுஞ்சாலையைத் தாண்டவில்லை. நம் தெருவை மட்டும் தாண்டி வந்து கொத்திக்கொண்டு போயிருந்தது. அப்போதுதான் உறைத்தது. புதுப் பள்ளிக்கு எதிரே இருப்பது லார்க்ஸ்பர் டிரைவ். நம்முடையது லார்க்ஸ்பர் கோர்ட். இரண்டுக்கும் ஒரே பூவின் பெயர், தெரு வேறு. நடுவே நாலு மைல். ஒவ்வொரு ஆகஸ்டிலும் பள்ளி திறக்கும்போது புது ஓட்டுநர் ஒருவராவது கோர்ட் பிள்ளைகளை டிரைவில் போய்த் தேடுவார். வரைபடம் போட்டவரும் அதே தப்பைச் செய்து, இரண்டு தெருவையும் மாற்றிப் போட்டிருக்கிறார்.

நேற்று கல்விக் குழுக் கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்தேன். ஆளுக்கு இரண்டு நிமிடம். டெஸ்ஸா வாசலிலேயே சட்டையைப் பிடித்தாள். "அப்பா, என் கிளாஸ் பசங்க எல்லாம் வந்திருக்காங்க. ஜோக் அடிச்சு மானத்த வாங்கிடாத. சொல்ல வேண்டியத சொல்லிட்டு உக்காரு."

எந்தத் தெருவில் யார் ஏறுவார்கள் என்று எழுதிய என் தாள்கள் இரண்டையும் தூக்கிக் காட்டினேன். "மேடம், பதினேழு வருஷமா இந்த ரெண்டு தெருவுலயும் பஸ் ஓட்டுறேன். உங்க வரைபடத்துல பூ சரி, தெரு தப்பு" என்றேன். குழுத் தலைவர் டிலிங்ஹாம் அம்மா வரைபட அதிகாரியைப் பார்த்து, "இவர் சொல்றது நெசமா?" என்றார். அதிகாரி கணினியைத் தட்டினார், தட்டினார். காது சிவந்துபோயிற்று.

அதற்குள் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பெட்ராக்கிஸ் என்று பெயர், லார்க்ஸ்பர் டிரைவ்காரி. சண்டைக்குத்தான் எழுந்தாள் என்று நினைத்தேன். என் பேச்சால் அவள் பிள்ளைக்குப் பள்ளி மாறுமே! அவளோ, "அவர் சொல்றது சத்தியம்! மூணு வருஷமா தெரு மாறி வர்ற அவர் வீட்டு பீட்சாவ நாங்கதான் தின்னுக்கிட்டிருக்கோம். புதுப் பள்ளிக்கூடம் எங்க வீட்டுக்கு எதுத்தாப்ல. எம்பொண்ண ஏன் நாப்பது நிமிஷம் பஸ்ல அனுப்புறீங்க?" என்று கேட்டாள். அரங்கமே சிரித்தது. முதலில் சிரித்தது நம் மகள்.

ஏழு உறுப்பினர்கள், ஏழு கைகளும் மேலே. கோர்ட் பழைய பள்ளிக்கு, டிரைவ் புதுப் பள்ளிக்கு!

வீட்டுக்கு வந்ததும் டியூபா வெளியே வந்தது. பக்கத்து வீட்டு வாலஸ் கதவைத் தட்டி, "ஜெயிச்சது ஊருக்கே தெரிஞ்சுபோச்சு, போதும்மா" என்று கும்பிடாத குறையாகக் கேட்ட பிறகுதான் நிறுத்தினாள்.

பள்ளி அணியின் முதல் ஆட்டம் செப்டம்பர் 5, வெள்ளிக்கிழமை. இடைவேளையில் இசைக்குழு மைதானத்தில் இறங்கும். உன் கப்பல் பணி ஆகஸ்டில் முடியும், ஒருவேளை நீட்டிப்பார்கள் என்று எழுதியிருந்தாய். டெஸ்ஸாவுக்கு அந்த வரியின் முதல் பாதியைத்தான் படித்துக் காட்டினேன்.

டியூபாப் பெட்டிக்கு இரண்டு பக்கமும் பிடி இருக்கிறது, லொரெய்ன். அன்று ஒன்றை நான் பிடித்துக்கொள்கிறேன்.

கடல் உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

உன்,
கர்ட்டிஸ்